மைக் செட்டிலிருந்து போனுக்கு ஒரு வயர்

மைக் செட்காரரின் மிக்ஸரில் ஓரமாகச் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு துளைகள் இருக்கும். பக்கத்தில் ‘டேப் அவுட்’ என்றோ ‘ரெக் அவுட்’ என்றோ அச்சிட்டிருப்பார்கள். டேப் ரெக்கார்டர் காலம் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. மேடையில் பாடுவதும் பேசுவதும் மிக்ஸருக்குள் ஒன்றாகக் கலந்தபின் ஒரு பங்கு ஆம்ப்ளிஃபையர் வழியாக ஸ்பீக்கருக்குப் போகிறது. இன்னொரு பங்கு இந்தத் துளைகளில் வந்து நிற்கிறது. கூட்டத்தின் இரைச்சலும் ஜெனரேட்டர் சத்தமும் அதில் கொஞ்சமாகத்தான் இருக்கும். மைக்குக்கு நேரே வந்த குரல்தான் நிறைந்திருக்கும்.

என் அப்பா அந்தத் துளைகளைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தவர். நாங்கள் செய்யாறு பக்கம். தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப தம்பிரானின் ஊர் எங்களுக்குத் தூரமில்லை. கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கியார் மகாபாரதக் கதை சொல்வார். இரவில் அதே கதை கூத்தாக இறங்கும். பத்து மணிக்குக் கூத்தைத் தொடங்கிவைக்கும் கட்டியக்காரன் வந்தால் விடியும்வரை ஆட்டம். கடைசியில் பதினெட்டாம் போர், மண்ணில் பெரிதாகக் கிடத்திய துரியோதனன்மேல் படுகளம், பிறகு தீமிதி. அப்பா சைக்கிள் கேரியரில் டேப் ரெக்கார்டரைக் கட்டிக்கொண்டு கூத்து நடக்கும் ஊருக்கெல்லாம் போவார். ஒரு கேசட்டுக்கு 90 நிமிடம். ஓர் இரவுக் கூத்துக்கு ஆறு கேசட் வேண்டும். 45 நிமிடத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்ற வேண்டும். கர்ண மோட்சம் கூத்தில் கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் இடத்தில்தான் பக்கம் தீரும். அப்பாவின் கேசட்டுகளில் அந்தப் பாட்டு எப்போதும் பாதியில் அறுந்து, மறுபக்கத்தில் வேறோர் அடியில் தொடங்கும். நடுவில் போன அடிகளை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை.

நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். அப்பா போனபின் அவர் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். டேப் ரெக்கார்டர் என்னிடம் இல்லை. கைப்பையில் ஸ்மார்ட்போன் இருந்தது. எட்டு மணி நேரத்தை இடைவெளி இல்லாமல் பிடிக்கும் கருவி கையிலேயே இருக்கும்போது வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். முதல் பதிவு எப்படிக் கெட்டது என்பதைச் சொன்னால்தான் பிறகு சொல்வதெல்லாம் விளங்கும்.

அது கர்ண மோட்சம். கர்ணன் வேஷம் கட்டியவருக்கு எழுபது வயதுக்கு மேல். காரில் போனைப் பாட்டுப் பெட்டியோடு இணைக்கப் பயன்படும் சாதாரண வயர் ஒன்றை வாங்கியிருந்தேன். ஒரு முனையில் சிவப்பு வெள்ளை ஆர்.சி.ஏ. பின், மறுமுனையில் போன் துளைக்கான 3.5 மில்லிமீட்டர் பின். மிக்ஸரில் ஒரு முனை, போனில் ஒரு முனை. திரையில் ஹெட்போன் படம் வந்தது, நிமிடங்கள் ஓடின. விடிந்து வீட்டுக்கு வந்து கேட்டேன். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பாட்டி, மருமகளைப் பற்றி விடியவிடியச் சொன்ன கதை அட்சரம் பிசகாமல் பதிவாகியிருந்தது. கர்ணன் எங்கோ தூரத்தில், ஸ்பீக்கர் வழியாக, எதிரொலியோடு பாடிக்கொண்டிருந்தார். வயர் வழியாக ஒரு சொல்கூட வரவில்லை. அடுத்த ஆண்டு அவர் வேஷம் கட்டவில்லை.

காரணம் அந்தப் பின்னில் இருந்தது. உங்கள் வீட்டில் மைக் உள்ள இயர்போன் இருந்தால் பின்னைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். உலோகத்தின் நடுவே மூன்று கறுப்பு வளையங்கள் தெரியும். அவை உலோகத்தை நான்கு துண்டாகப் பிரிக்கின்றன. நுனி இடது காதுக்கு, அடுத்தது வலது காதுக்கு, மூன்றாவது பொதுவான கிரவுண்டு, வயரை ஒட்டிய நான்காவது மைக்குக்கு. (சில பழைய போன்களில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும்.) நான் வாங்கிய வயரில் கறுப்பு வளையம் இரண்டுதான். மூன்று துண்டு. மைக்குக்கு உரிய இடமும் கிரவுண்டும் ஒரே உலோகமாகச் சேர்ந்துவிட்டன. போன் அதைப் பார்த்து, ‘மைக் இல்லாத ஹெட்போன் செருகியிருக்கிறார்கள்’ என்று எடுத்துக்கொண்டு தன் உடம்பில் இருக்கும் மைக்கையே திறந்து வைத்தது. அந்தத் துளையில் போனுக்குள் ஒலி நுழைய வழி ஒன்றே ஒன்றுதான், நான்காவது துண்டு. டேப் ரெக்கார்டரில் ‘லைன் இன்’ என்று தனியாக ஒரு வாசல் இருந்தது. போனில் அப்படி ஒன்றைச் செய்து தரவில்லை.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பதிவு ஓடும்போது போனின் அடிப்புறத் துளை அருகே நகத்தால் நாலு தட்டு தட்டுங்கள். திரும்பப் போட்டுக் கேட்கும்போது ‘டொக் டொக்’ கேட்டால் போன் தன் சொந்த மைக்கில் கேட்டுக்கொண்டிருக்கிறது, வயரில் அல்ல. அந்த முதல் பதிவுக்குப் பிறகு இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் இன்றுவரை எந்தப் பதிவையும் தொடங்கியதில்லை.

அடுத்து நான்கு துண்டு பின் உள்ள வயரைத் தேடிப் பிடித்து, மைக் துண்டிலேயே மிக்ஸரின் ஒலியைக் கொடுத்தேன். இம்முறை ஒலி வந்தது. வந்த ஒலியைக் கேட்க முடியவில்லை. ஒவ்வொரு சொல்லும் கிழிந்த தகரம்போல அதிர்ந்தது. அமைதியாகப் பேசும் இடங்கள் மட்டும் ஓரளவு தேறின.

இங்கேதான் கணக்கு வருகிறது. இயர்போன் மைக் போனுக்கு அனுப்புவது சில மில்லிவோல்ட். வாய்க்குப் பக்கத்தில் சத்தமாகப் பேசினால் சில பத்து மில்லிவோல்ட். மிக்ஸரின் டேப் அவுட்டில் வருவது வழக்கமாக 0.3 வோல்ட் அளவு, அதாவது 300 மில்லிவோல்ட்டுக்கு மேல். ஸ்பீக்கருக்கான ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் மெயின் அவுட்டில் 1.2 வோல்ட் அளவு. போன் சாதாரணமாகக் கேட்கும் அளவைப்போல ஐம்பது, நூறு மடங்குக்கும் மேல். காதருகே கிசுகிசுப்பைக் கேட்கக் காத்திருப்பவரிடம் போய்க் கூம்பு ஸ்பீக்கரை வைத்ததுபோல. அலையின் உச்சி போனின் முதல் வாசலிலேயே மோதித் தட்டையாகிவிடுகிறது. இப்படித் தட்டையான ஒலியைப் பிறகு எந்தச் செயலியாலும் முழுசாகத் திருப்பித் தர முடியாது. செயலியில் ஒலி அளவைக் குறைத்தும் பார்த்தேன். கிழிந்த ஒலி மெதுவாகக் கேட்டது, அவ்வளவுதான். கிழிசல் அதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

ஆகவே ஒலியைப் போனுக்குள் விடுவதற்கு முன்பே குறைக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் நான் ஆண்டுதோறும் நடத்தும் மின்தடைப் பாடம்தான் இது. பெரிய மின்தடை ஒன்றையும் சிறிய மின்தடை ஒன்றையும் வரிசையாக வைத்து, சிறியதன் குறுக்கே மட்டும் மின்னழுத்தத்தை எடுத்தால் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும். மிக்ஸரின் இடது, வலது இரண்டிலும் ஆளுக்கொரு 10 கிலோ ஓம் மின்தடை (பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு). இரண்டின் மறுமுனைகளையும் ஒன்றாகச் சேர்த்து, அங்கிருந்து கிரவுண்டுக்கு ஒரு 100 ஓம் (பழுப்பு, கறுப்பு, பழுப்பு). சேர்ந்த இடத்தில் இப்போது வருவது மூலத்தில் சுமார் ஐம்பதில் ஒரு பங்கு. 300 மில்லிவோல்ட் ஆறாகிவிடும். போனின் காதுக்கு இது இதமான அளவு. இடதையும் வலதையும் வெறும் வயரால் நேராக முறுக்கிச் சேர்க்கக் கூடாது. ஒன்று மற்றதன் மேல் ஏறி இரண்டும் திணறும். நடுவில் அந்த 10 கிலோ ஓம்கள் இருந்தால்தான் அவை சண்டையில்லாமல் சேரும்.

இதோடு முடியவில்லை. போன் மைக் துண்டின் வழியாக 2 வோல்ட்டை ஒட்டிய ஒரு நேர் மின்னழுத்தத்தை வெளியே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இயர்போனின் குட்டி மைக் அதில்தான் உயிர் வாழ்கிறது. அந்த மின்னோட்டம் எவ்வளவு போகிறது என்று பார்த்துத்தான், செருகியதில் மைக் இருக்கிறதா, யாராவது பட்டனை அழுத்துகிறார்களா என்று போன் முடிவு செய்கிறது. நம் 100 ஓம் நேரடியாக அதில் பட்டால், யாரோ பட்டனை அழுத்திப் பிடித்திருப்பதாகப் போன் நினைத்துவிடும். பதிவு நடுவில் நின்றுபோகும். இல்லாவிட்டால் ‘சொல்லுங்கள், என்ன உதவி வேண்டும்’ என்று திரையில் ஏதோ வந்து நிற்கும். எனவே இடையில் ஒரு கெபாசிட்டர். அது ஒலியின் அலையை விட்டு, நேர் மின்னழுத்தத்தைத் தடுக்கும். பிறகு போன் பக்கம், மைக்குக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 2.2 கிலோ ஓம் (மூன்றும் சிவப்பு). இதைப் பார்த்துதான் போன் ‘மைக் இருக்கிறது’ என்று நம்பும்.

கெபாசிட்டரில் நான் ஒரு தவறு செய்தேன். பெட்டியில் கிடந்த 1 மைக்ரோஃபாரட் ஒன்றை வைத்தேன். பதிவு சுத்தமாக இருந்தது, ஆனால் மிருதங்கத்தில் வலப்பக்கமான வலந்தலை மட்டும் கேட்டது. இடப்பக்கத் தொப்பியின் கும்காரம் மெலிந்துபோயிருந்தது. சிறிய கெபாசிட்டர் கனத்த ஒலிகளை உள்ளே விடாது. 10 மைக்ரோஃபாரட் மாற்றியதும் தொப்பி திரும்ப வந்தது. (கூட்டல் முனை போன் பக்கம் இருக்க வேண்டும்.) அந்த வித்தியாசத்தைக் கேட்ட இரவில் நான் தூங்கவில்லை.

செய்முறையில் ஒரு சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். பழைய இயர்போனை வெட்டி அதன் பின்னைப் பயன்படுத்தலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். உள்ளே முடிபோன்ற செப்புக் கம்பிகள் சிவப்பு, பச்சை, பொன் நிறத்தில் இருக்கும். அது வெறும் செம்பின் நிறம் இல்லை, மேலே பூசிய அரக்கு. ஈயம் அதில் ஒட்டவே ஒட்டாது. நுனியைத் தீக்குச்சியில் ஒரு நொடி காட்டி, கரியைத் துடைத்தபின் பற்றவைக்க வேண்டும். அதற்குப் பதில் சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடையிலோ நான்கு துண்டு பின்னைத் தனியாக வாங்கிவிடுவது நல்லது. மின்தடைகள் ஒன்றிரண்டு ரூபாய்தான். எல்லாவற்றையும் ஒரு மிட்டாய்த் தகர டப்பாவுக்குள் வைத்து, டப்பாவையும் கிரவுண்டோடு சேர்த்துவிட்டேன். டப்பா, வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலைத் தடுக்கிறது. பற்றவைக்க வராதவர்கள், லைன் அளவை மைக் அளவுக்குக் குறைக்கும் வயர் என்று கேட்டால் தயாராகவே கிடைக்கிறது.

இப்போது பல போன்களில் இந்தத் துளையே இல்லை. ஐபோன்களில் 2016-லேயே, ஐபோன் 7-இல், அதை எடுத்துவிட்டார்கள்; ஆண்ட்ராய்டிலும் பல மாடல்களில் போய்விட்டது. சார்ஜர் துளையில் செருகி 3.5 மில்லிமீட்டர் துளை தரும் குட்டி அடாப்டர்கள் உண்டு. அதில் மைக் வேலை செய்யுமானால் மேலே சொன்ன டப்பா அப்படியே பொருந்தும். ஆனால் என்னைக் கேட்டால், கொஞ்சம் பணம் சேர்த்து லைன் இன் உள்ள யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றை வாங்கிவிடுங்கள் என்பேன். சிவப்பு வெள்ளைத் துளைகளை நேராக ஏற்கும். மின்தடை வேண்டாம், இடதும் வலதும் தனித்தனியாகப் பதிவாகும். ஆண்ட்ராய்டு 5.0 வந்த 2014 முதல் போன்கள் இவற்றை ஏற்கத் தொடங்கின. வாங்கும்போது ‘டிரைவர் போடாமலே வேலை செய்யுமா’ என்று கேளுங்கள். கடையிலேயே உங்கள் போனில் செருகிப் பாருங்கள். சில மிக்ஸர்களில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது, ஒரே ஒரு யூ.எஸ்.பி. வயர் போதும். ஆனால் நம் ஊரில் விற்கும் பல மிக்ஸர்களின் யூ.எஸ்.பி. துளை பென் டிரைவில் பாட்டுப் போடுவதற்கு மட்டும்தான். அதில் போனைச் செருகினால் ஒன்றும் நடக்காது.

செருகக் கூடாத இடம் ஒன்று இருக்கிறது. அதை எங்கள் மைக் செட் அண்ணன் முதல் நாளே கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

“டீச்சர், மிக்ஸர்ல எங்க வேணா செருகுங்க. ஆம்ப்ளிஃபையர் பின்னாடி இந்தத் திருகாணி பக்கம் மட்டும் வந்துடாதீங்க. இது குழாய்க்குப் போற லைன். போனும் போயிடும், கையும் போயிடும்.”

அவர் சொன்னது முழுக்க உண்மை. தெருக்கோடிவரை கட்டும் கூம்பு ஸ்பீக்கர்களுக்கு ஒலியை 100 வோல்ட், 70 வோல்ட் லைனில் அனுப்புவார்கள். மிக்ஸர் இல்லாமல் ஆம்ப்ளிஃபையர் மட்டும் வைத்திருப்பவர்களிடம், பின்புறம் ‘லைன் அவுட்’ என்று தனியாக இருந்தால் மட்டும் எடுங்கள். இல்லையென்றால் அன்றைக்கு வயரை விட்டுவிட்டுப் போனின் சொந்த மைக்கோடு திருப்திப்படுங்கள்.

வயர் சரியானபின் போனோடு மல்லுக்கட்ட வேண்டும். போன் பேச்சைக் கேட்கப் பிறந்தது. அதைப் பாட்டுக் கேட்க வைக்க வேண்டும். பேச்சு நன்றாக விளங்க வேண்டுமென்று, மெல்லிய ஒலியை அதுவாக உயர்த்தும், உரத்த ஒலியை அமுக்கும். கூத்தில் திரைக்குப் பின்னால் துச்சாதனன் ஒரு கத்துக் கத்தினால் அந்த நொடியில் ஆர்மோனியம் மறைந்து, பிறகு மெல்ல மெல்ல மேலே வரும். அலை அலையாக ஒலி மூச்சு வாங்கும். இதைவிடக் கொடுமை இரைச்சல் நீக்கும் வேலை. மாறாமல் ஒரே சீராக ஒலிப்பதை அது இரைச்சல் என்று முடிவு கட்டிவிடுகிறது. மின்விசிறிக்கு அது சரி. ஆனால் சுருதியும் மாறாமல் ஒரே சீராகத்தானே ஒலிக்கும்! என் ஒரு பதிவில் பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் சுருதி தேய்ந்து தேய்ந்து காணாமல் போனது. பாட்டுக்குக் கீழே தரையையே உருவிவிட்டதுபோல இருந்தது. போனோடு வரும் சாதாரண ரெக்கார்டரை விட்டுவிட்டு, இந்தத் திருத்தங்களை அணைக்க வசதியுள்ள செயலியை எடுங்கள். திருத்தப்படாத ஒலியைக் கேட்டு வாங்க ஆண்ட்ராய்டு 7.0 முதலே (2016) வழி இருக்கிறது. போனைப் பொறுத்து அது கிடைக்கும். அமைப்புகளில் ‘அன்பிராசஸ்டு’ அல்லது ‘ரா’ என்று தேடுங்கள். ‘ஆட்டோ கெயின்’ என்று எங்கே இருந்தாலும் அணைத்துவிடுங்கள்.

கோப்பு வேவ் வடிவில் இருக்கட்டும். 48 கிலோ ஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடமாக எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 5.8 எம்.பி.; எட்டு மணி நேரக் கூத்துக்கு 2.8 ஜி.பி.தான். ஸ்டீரியோ எடுத்தால் இரட்டிப்பு. அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது: சாதாரண வேவ் கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. அதிகாலையில் படுகளம் நெருங்கும் வேளையில் அந்த எல்லை வரும். சில செயலிகள் தாமாக அடுத்த கோப்புக்குப் போகும், சில போகாது. நான் நம்பாமல், கட்டியக்காரன் நகைச்சுவைக்கு வரும் ஓர் இடத்தில் நிறுத்தி உடனே புதிதாகத் தொடங்கிவிடுவேன். அப்பா கேசட் பக்கம் மாற்றிய அதே வேலை, இரவுக்கு ஒரு முறை மட்டும்.

போன் விமானப் பயன்முறையில் இருக்க வேண்டும். அழைப்பு வந்தால் பதிவு நிற்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, 2ஜி போன் அருகில் இருக்கும்போது ஸ்பீக்கரில் ‘டட்-டட்-டர்ர்’ என்று கேட்குமே, அது. நொடிக்கு 217 தடவை விட்டு விட்டு ஒலிபரப்பும் அந்தத் துடிப்பு வயரில் ஏறிவிடும். சார்ஜரையும் கழற்றிவிடுங்கள். போன் பேட்டரியில் இருக்கும்வரை ஒரே ஒரு கிரவுண்டுதான், மிக்ஸர் வழியாக. சார்ஜரைச் செருகினால் மின்சாரத்தோடு இன்னொரு பாதை உண்டாகி, 50 ஹெர்ட்ஸில் ‘ஊம்ம்’ என்ற முனகல் பாட்டுக்கு அடியில் ஓடத் தொடங்கலாம். நீண்ட இரவுக்கு பவர் பேங்க் போதும். அது சுவரோடு இணையவில்லை.

அளவு வைப்பதில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. கட்டியக்காரன் வந்ததும் அளவை வைத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள். அவர் பேச்சைவிட ராஜா வேஷத்தின் திரைப் பிரவேசம் பல மடங்கு உரக்க இருக்கும். முள் உச்சியிலிருந்து 12 டெசிபெல் கீழேயே நிற்கும்படி வையுங்கள். மெலிந்த பதிவைப் பிறகு உயர்த்திக்கொள்ளலாம். டேப் அவுட், ஸ்பீக்கரின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மெயின் ஃபேடருக்கு முன்னாலிருந்து எடுக்கப்படுகிறதா, பின்னாலிருந்தா என்பதும் மிக்ஸருக்கு மிக்ஸர் மாறும். அண்ணனிடம் கேட்டு மெயின் ஃபேடரை ஒரு நொடி இறக்கச் சொல்வேன். போனில் முள்ளும் சேர்ந்து இறங்கினால், அவர் நள்ளிரவில் ஸ்பீக்கரைக் கூட்டும்போதெல்லாம் என் பதிவும் கூடும் என்று அர்த்தம். அவர் கையருகே நான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக நடந்த இரவின் பதிவைக் கேட்டபோது எனக்கு ஒரு பெரிய குறை தெரிந்தது. குரல் கண்ணாடிபோல் இருந்தது. முகவீணை எங்கே? தாளம் எங்கே? பின்பாட்டுக்காரர்கள் சேர்ந்து எடுக்கும் அடி எங்கோ பக்கத்து வீட்டில் பாடுவதுபோல் கேட்டது. யோசித்தபின் விளங்கியது. மிக்ஸரில் கலப்பது திடலுக்காக. முகவீணை எந்த மைக்கும் இல்லாமல் கடைசி வரிசைவரை கிழித்துக்கொண்டு போகும். அதற்கு எதற்கு மைக் என்று அண்ணன் தொங்கும் மைக்குகளைக் குரலுக்காக முன்னால் கட்டியிருந்தார். திடலில் உட்கார்ந்தவர்கள் காற்றில் வந்த முகவீணையையும் ஸ்பீக்கரில் வந்த குரலையும் சேர்த்துக் கேட்டார்கள். வயருக்குக் காற்றில் வந்தது தெரியாது. மிக்ஸரில் நுழைந்தது மட்டுமே அதன் உலகம். லைன் அவுட்டில் எடுக்கும் எவரும், அது கல்யாண நாதஸ்வரமானாலும், பட்டிமன்றமானாலும், பள்ளி ஆண்டு விழாவானாலும், முதலில் நினைக்க வேண்டியது இதுதான். எந்த வாத்தியம் தானாகவே உரக்க ஒலிக்கிறதோ, அதுதான் உங்கள் பதிவில் மெலிந்திருக்கும்.

“அண்ணே, முகவீணைக்கிட்ட ஒரு மைக் வெச்சு, அது ஸ்பீக்கருக்குப் போகாம எனக்கு மட்டும் வருமா?” என்று கேட்டேன்.

“ஆக்ஸ்ல குடுத்துடலாம் டீச்சர். என்கிட்ட மைக் ஒண்ணு சும்மாதான் கிடக்குது. முன்னாடியே கேக்கறதில்லையா?”

மிக்ஸரில் ‘ஆக்ஸ் சென்ட்’ என்று இன்னொரு வெளிவழி இருக்கும். ஒவ்வொரு மைக்குக்கும் அதற்கென்று தனித் திருகு. அதை ஃபேடருக்கு முன்னால் எடுக்கும்படி, ‘ப்ரீ’ என்று வைத்துவிட்டால் திடலுக்கு ஒரு கலவை, எனக்கு ஒரு கலவை. ஸ்பீக்கரில் முகவீணையின் ஃபேடர் அடியிலேயே கிடக்கும், என் போனில் அது வந்துகொண்டிருக்கும். ஆக்ஸ் இல்லாத சிறிய மிக்ஸர் என்றால் இரண்டாவது போன் ஒன்றைக் கூட்டத்தின் நடுவே அதன் சொந்த மைக்கில் ஓடவிட்டு, பிறகு கணினியில் இரண்டையும் சேர்த்துக்கொள்வேன். தொடக்கத்தில் மைக் முன்னால் ஒரு கைதட்டு தட்டினால் இரண்டையும் பொருத்த அது அடையாளம். இரவு முழுவதும் ஓடினால் இரண்டு போன்களின் கடிகாரமும் அரை நொடிவரைகூட விலகலாம். காட்சிக்குக் காட்சி பொருத்துவது நல்லது. திடலின் ஒலியைக் கொஞ்சம் கலந்தால் பதிவுக்குள் ஊர் வந்துவிடுகிறது. அந்தப் பாட்டியின் குரலைக்கூட இப்போது நான் வேண்டாம் என்று சொல்வதில்லை.

பதிவு செய்வதற்கு முன்பு கூத்து வாத்தியாரிடம் கேட்டுவிடுவேன். அது அவர்கள் தொழில், அவர்கள் பாடம். இணையத்தில் ஏற்றுவதில்லை என்று சொல்லி, விடிந்ததும் ஒரு பிரதியை அவர் போனுக்கே மாற்றிவிடுவேன். இளைய வேஷக்காரர்கள் அதைக் கேட்டுப் பாடம் பார்த்துக்கொள்கிறார்கள்.

போன வருடம் அதே கர்ண மோட்சம், வேறொரு கர்ணன். பொன்னுருவியிடம் விடைபெறும் பாட்டு முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை அறுபடாமல் கிடைத்தது. கூத்து முடிந்து, மங்களம் பாடி, கூட்டம் எழுந்த பிறகும் பதிவை நான் நிறுத்தவில்லை. அண்ணன் வயர் சுற்றத் தொடங்கியிருந்தார், ஒரு மைக் மட்டும் இன்னும் திறந்திருந்தது. வீட்டில் கேட்டபோது முதலில் சலங்கை கழற்றும் ஒலி. கிரீடத்தைத் தரையில் வைக்கும் மரச்சத்தம். ஒரு குருவி. பிறகு கர்ணனின் குரல், மிக அருகில், விடியவிடியப் பாடித் தேய்ந்த குரல்: “டீ வந்துச்சாப்பா?” யாரோ, “வருது, வருது, உக்காரு” என்கிறார்கள். அதற்கப்புறம் கிளிக் என்று ஒன்று, அண்ணன் மைக்கைக் கழற்றியது.